எட்டே முக்கால் வரைக்கும் நல்ல நேரம்

அண்ணன் போனில் நேரத்தைச் சொன்னபோதே எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் எங்கள் ஊர்க் கடலில் தண்ணீர் இருக்காது. தெரிந்தேதான் “வாங்கண்ணே” என்றேன். இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இல்லை. கொஞ்சமாவது வெட்கப்பட்டு வைப்போம் என்று நாலைந்து முறை முயன்று பார்த்தேன், வரவில்லை.

“செவ்வாக்கெழம காலையில ஏழே முக்கால்லேருந்து எட்டே முக்கால் வரைக்கும் நல்ல நேரம். ஒம்பது மணிக்கு எமகண்டம் வந்துரும். அதுக்குள்ள ஆத்தாவக் கரைச்சுரணும்” என்றான்.

கரைப்பது அஸ்தியை. எங்கள் ஆத்தா செத்து அன்றைக்கு மூன்றாம் நாள். காலையில்தான் சுடுகாட்டில் பால் தெளித்து, எலும்பையும் சாம்பலையும் கலயத்தில் வாங்கிக் கட்டி, வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று வாசல் வேப்பமரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அண்ணனுக்கு அடுத்த வாரம் துபாய்க்கு டிக்கெட்.

“கட்டுமாவடிக்குப் போலாம்னு சித்தப்பா சொல்றாரு. அங்க கூட்டமா இருக்குமோ?”

“அங்க எதுக்குண்ணே? எங்க ஊருக்கு வாங்க. எதுத்தாப்புல திட்டு திட்டா தீவு இருக்கு. ஆள் நடமாட்டம் இருக்காது. நிம்மதியாக் கரைக்கலாம்.”

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. நேரில் பேசும்போது அவனுக்கு நான் வாங்க, போங்கதான். எழுத உட்கார்ந்தால் ‘அவன்’ என்று வருகிறது. வரட்டும்.

ஆத்தா செத்த அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லிவிடுகிறேன். நான் மீமிசல் பக்கம் ஒரு கடலோர ஊரில் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளாண்டில் இருக்கிறார். பிறந்த ஊர் ஆலங்குடிக்கு அந்தப் பக்கம், கடலைக் கொல்லையும் முந்திரிக் காடுமான ஊர். மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை, மழையோ வெயிலோ, இரண்டு பஸ் மாறி ஆத்தாவைப் போய்ப் பார்ப்பேன். தலை சீவிவிடுவேன். கை கால் நகம் வெட்டிவிடுவேன். “மெல்ல வெட்டுடி, கருவ மரமா வெட்டுற” என்பாள். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தபோது புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கூடவே கிடந்தவள் நான். எலும்பைச் சேர்த்து இரண்டு ஸ்க்ரூ போட்டார்கள். எக்ஸ்ரேயில் ஆணி மாதிரி வெள்ளையாகத் தெரிந்ததைப் பார்த்துவிட்டு ஆத்தா, “எனக்குள்ள இரும்ப வச்சுட்டாய்ங்க, இனி துருப்பிடிச்சாத்தான் நான் சாவேன்” என்று வார்டே சிரிக்கும்படி சொன்னாள். அண்ணன் அதையெல்லாம் வீடியோ காலில் பார்த்தான். ஸ்க்ரூ சமாச்சாரம் அவனுக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். “ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா?” என்று கேட்டான், முடிந்தது என்றேன், அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஆத்தா தூக்கத்திலேயே போய்விட்டாள். அண்ணன் லீவில் வந்திருந்ததால் பக்கத்தில் இருந்தான். ஆறு மணிக்குப் போன் செய்தான். பையில் ஒரு சேலையைத் திணித்துக்கொண்டு ஓடினேன். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது ஒன்பது மணி. ஆலங்குடி பஸ் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. அடுத்தது ஒன்பதரைக்கு மேல். கார் கேட்டேன், முகூர்த்த நாள், ஒரு வண்டிகூடக் கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே நின்று அண்ணனைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, அறந்தாங்கியில நிக்கிறேன். பஸ்ஸ விட்டுட்டேன். பதினோரு மணிக்குள்ள வந்துருவேன்.”

“பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னாடி எடுத்தாகணும்.”

“ஒரு அரை மணி நேரம்ண்ணே. இல்லாட்டி பன்னெண்டுக்கு மேல எடுங்க. ஆத்தா மூஞ்சிய ஒருவாட்டி பாத்துக்கிர்றேன்.”

“ஒனக்காக நேரம் நிக்குமா? வந்தவங்கெல்லாம் பச்சத் தண்ணி குடிக்காம ஒக்காந்திருக்காங்க. நீ வந்து சேரு.”

எங்கள் ஊரில் பிணத்தை எடுத்த பிறகுதான் அடுப்பு பற்ற வைப்பார்கள். ஊர்ப் பசிக்கும் ராகுகாலத்துக்கும் நடுவில் நான் எந்த மூலை? நான் போய் இறங்கியபோது பத்தே முக்கால். வாசலைக் கழுவிவிட்டுப் பெண்கள் துடைப்பத்தோடு நின்றார்கள். தெரு நெடுகப் பூ கிடந்தது. பூ கிடந்த வழியே ஓடினேன். தெருமுக்கில் சித்தப்பா நின்றார், எங்கள் அப்பாவின் தம்பி, குடும்பத்துக்கே நாள் பார்ப்பவர், நேரம் குறிப்பவர். மூட்டுவலி என்று பாதியில் திரும்பிவிட்டாராம். இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

“பொம்பளப் புள்ள அங்கிட்டு வரக் கூடாது தாயி.”

முந்திரிக் காட்டுக்கு மேலே புகை தெரிந்தது. என் ஆத்தாவை நான் கடைசியாகப் பார்த்தது அந்தப் புகைதான். அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டேன். பெண் பிள்ளை இப்படிப் போகலாமா என்று ஊரே வாயைப் பிளந்தது.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அவன் போன் வந்தபோது வாங்க என்றேன்.

எங்கள் கடலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது அலையடிக்கிற கடல் இல்லை. வளைகுடாவின் மூலையில் குளம் மாதிரி கிடக்கும். கரை முழுக்கச் சேறு. சேற்றுக்கு நடுவே அலையாத்தி மரம் முளைத்த சின்னச் சின்னத் தீவுகள், நாங்கள் திட்டு என்போம். பெரிய திட்டு, நடுத் திட்டு, கடைசியில் கொக்குத் திட்டு. நாளுக்கு இரண்டு தடவை தண்ணீர் ஒதுங்கிப் போகும், அதற்கு வத்தம் என்று பெயர். பிறகு ஏறி வரும். இன்றைக்கு ஏழு மணிக்கு வற்றினால் நாளைக்கு ஏழே முக்கால், மறுநாள் எட்டரை என்று தள்ளிக்கொண்டே போகும். இது எந்தக் காலண்டரிலும் இருக்காது. வாசலில் நின்று பார்த்தால் தெரியும். செவ்வாய்க்கிழமை எட்டரைக்குக் கடல் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் என்று எங்கள் அங்கன்வாடிப் பிள்ளையைக் கேட்டால்கூடச் சொல்லும்.

சேற்றில் நடக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தது இந்த ஊர்ப் பெண்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு நண்டு பொறுக்கப் போவேன். சுருக்கம் விழுந்த சேறு கெட்டி, கால் வைக்கலாம். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தால் இடுப்புவரை இழுக்கும். முன்னால் போகிறவள் கால் வைத்த தடத்தில்தான் பின்னால் போகிறவள் கால் வைக்க வேண்டும். பளபளப்பைக் கண்டால் “ஆழம்” என்று சத்தம் கொடுக்க வேண்டும். சண்டைக்காரியாக இருந்தாலும் இந்தச் சத்தத்தைக் கொடுக்காமல் இருக்க மாட்டார்கள். தலைமுடியைப் பிடித்து அடித்துக்கொண்ட இரண்டு பேர் மறுநாள் சேற்றில் ஒருத்திக்கு ஒருத்தி “ஆழம்” சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். ஏழு இருபதுக்குக் கார் வந்தது. அண்ணன் மொட்டைத் தலையும் புது வேட்டியுமாக, சட்டையில்லாமல், மஞ்சள் துணி கட்டிய கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினான். பின்னாலேயே சித்தப்பா. சட்டைப் பையில் கிழித்த காலண்டர் தாள். இருவரும் மணல்மேட்டில் ஏறி நின்றார்கள்.

“கடல் எங்க?” என்றான் அண்ணன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன், அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். எதிரே கருஞ்சாம்பலாகச் சேறு, சேறு, சேறுதான். வள்ளங்கள் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தன.

“வத்தம்ணே. தண்ணி ஒதுங்கியிருக்கு.”

“எப்ப வரும்?”

“கரைக்கு வர பத்து மணி ஆயிரும்.”

“எமகண்டத்துலயா?” என்று சித்தப்பா பதறினார். “மொதல்லயே சொல்லக் கூடாதா தாயி?”

“நேரம்தான் நீங்க குறிச்சுட்டீங்களே சித்தப்பா.”

காரைத் திருப்பினால் கால் மணி நேரத்தில் ஜெகதாப்பட்டினம் துறைமுகம். விசைப்படகு நிற்கிற இடம், எந்த நேரமும் தண்ணீர் இருக்கும். நல்ல நேரத்துக்குள் தாராளமாகக் கரைத்துவிட்டு டீயும் குடிக்கலாம். அது என் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கிவிட்டேன்.

“கரையோரமாப் போயி கொக்குத் திட்டுக்கு அங்கிட்டு எறங்குனா தண்ணி இருக்கும். முக்கால் மணி நேரம் நடக்கணும்” என்றேன்.

அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஏழரை. “நட” என்றான். சித்தப்பாவால் முடியாது, மணல்மேட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். கிளம்பும் முன் விரலை ஆட்டிச் சொன்னார்: “கலயம் தூக்குறவன்தான் முன்னாடி போகணும். பொட்டப் புள்ள பின்னாடி வரட்டும். என்ன ஆனாலும் திரும்பிப் பாக்கக் கூடாது.”

நான் வீட்டு ஓரத்தில் தயாராக வைத்திருந்த தெர்மாகோல் மூடியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். மீன் பெட்டி மூடி, ஐஸ் பிளாண்டில் வீட்டுக்காரர் கொண்டுவந்தது. சேற்றின் மேல் போட்டு உட்கார்ந்தால் அமிழாது.

“அது எதுக்கு?” என்றான்.

“ஒக்கார.”

முதல் பாதி கரைதான். வேலிக்கருவை முள்ளும், கிழிந்த வலையும், பிளாஸ்டிக் பாட்டிலும் கிடக்கிற கரை. செருப்பு போடக் கூடாது என்பது சித்தப்பாவின் இன்னொரு சட்டம், அதனால் அண்ணன் வெறுங்காலோடு நடந்தான். இருபது வருடம் துபாயில் ஏசிக் கடையில் நின்ற கால். பத்தடிக்கு ஒருமுறை “ஸ்ஸ்” என்று நின்றான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் முள்ளை எடுக்கிறவன் முகம் எனக்குத் தெரியவில்லை, மொட்டை மண்டைதான் தெரிந்தது. அந்த மண்டையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒவ்வொரு முள்ளுக்கும் எனக்குள் குளுகுளுவென்று இருந்தது. பெரிய திட்டு தாண்டினோம். நடுத் திட்டில் நாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. சேற்றில் விரல் நீளத்து மீன்கள் துள்ளித் துள்ளி நடந்தன. வேறு நாளாக இருந்தால் ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்திருப்போம். சின்ன வயதில் கண்மாய் வற்றும்போது அவன் தோளில் உட்கார்ந்துதான் நான் மீன் பிடிப்பதைப் பார்த்தேன். அது ஞாபகம் வந்தது, வந்ததும் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டும் கூடவே வந்தது.

கொக்குத் திட்டுக்கு எதிரே சேற்றில் இறங்கினோம். எட்டு இருபது. தூரத்தில் ஈயத் தகடு மாதிரி தண்ணீர் தெரிந்தது. அண்ணன் நடையை எட்டிப் போட்டான். அவனுக்கு இடது பக்கம் சுருக்கம் விழுந்த சேறு. நேர் எதிரே பளபளப்பு. பார்க்க வழவழப்பாக, மெழுகிய வாசல் மாதிரி இருக்கும், தெரியாதவன் அதில்தான் கால் வைப்பான்.

ஆழம் என்ற சொல் தொண்டைவரை வந்தது. இந்த ஊரில் பதினெட்டு வருடம் சேற்றில் நடந்திருக்கிறேன், ஒருநாளும் அந்தச் சத்தத்தைக் கொடுக்காமல் விட்டதில்லை. அன்றைக்கு விட்டேன்.

வலது கால் முழங்கால்வரை போனது. அதை எடுக்க இடது காலை ஊன்றினான், அது தொடைவரை போனது. கலயத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

“ஏய் புள்ள! கால் வர மாட்டேங்குது!”

“அசையாதீங்க. அசைஞ்சா இன்னும் போகும்.”

நான் கெட்டிச் சேற்றின் வழியாகச் சுற்றி வந்து அவனுக்கு முன்னால் நின்றேன். அப்போதுதான் அன்றைக்கு முதல்முறையாக அவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன். வியர்த்து வடிந்தது.

“எப்புடி வெளிய வர்றது?”

“முன்னால கவுந்து படுத்து ரெண்டு கையையும் விரிச்சு வைக்கணும். அப்பறம் ஒவ்வொரு காலா உருவணும். கைய வச்சாத்தான் முடியும்.”

அவன் கையில் கலயம். கீழே வைத்தால் அமிழ்ந்துவிடும். பெண்ணிடம் கொடுக்கக் கூடாது. கலயத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். எட்டரை.

“இந்தா புடி” என்று நீட்டினான். “நீயே ஓடிப்போயிக் கரைச்சுரு. இன்னும் கால் மணி நேரம் இருக்கு. சித்தப்பாகிட்டச் சொல்லிக்கிறாத. அம்பது அடிதான், ஓடு!”

இரண்டு கையாலும் வாங்கினேன். இவ்வளவு கனமில்லாமல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என் ஆத்தா, மாவு மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கினவள், ஒரு படி கடலையளவுகூட இல்லை.

தெர்மாகோல் மூடியைச் சேற்றில் போட்டேன். அவனுக்கு நேர் எதிரே, கைக்கு எட்டாத தூரத்தில். சேலையை ஒதுக்கிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்து, கலயத்தை மடியில் வைத்தேன்.

“என்ன செய்யிற?”

“ஆத்தா மூஞ்சியப் பாக்கப் போறேன்.”

“பைத்தியமா ஒனக்கு? நேரம் போகுதுடி!”

“போகட்டும். ஒரு அரை மணி நேரம்ண்ணே. அவ்வளவுதான் கேட்டேன் அன்னைக்கும்.”

மஞ்சள் துணியின் முடிச்சை அவிழ்த்தேன். அவசரப்படவில்லை. அவன் கையை ஊன்றிக் காலை உருவிப் பார்த்தான், கையும் சேர்ந்து அமிழ்ந்தது. கத்தினான். அடி என்றான், வாடி போடி என்றான், வீட்டுப் படி மிதிக்காதே என்றான். என் போன் அடித்தது, சித்தப்பா. “ஆச்சா தாயி? இன்னும் பத்து நிமிசந்தான் இருக்கு.” “ஆயிக்கிட்டே இருக்கு சித்தப்பா” என்று வைத்தேன்.

உள்ளே முகம் இல்லை. இருக்காது என்று தெரியும், ஆனாலும் தேடினேன். சாம்பலை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தேன். வெள்ளையாக வளைந்த ஒரு துண்டு இருந்தது, நெற்றியாக இருக்குமோ என்று எடுத்து வைத்துப் பார்த்தேன். எந்த எலும்பும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. யாரைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. அப்போதுதான் அடியில் விரலில் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. எடுத்துத் துடைத்தேன். கறுத்துப்போன ஸ்க்ரூ. கொஞ்சம் துழாவியதில் இன்னொன்றும் கிடைத்தது. சுடுகாட்டில் வேலை பார்த்தவர் எலும்போடு சேர்த்து அள்ளியிருக்கிறார்.

என் ஆத்தாதான். அவளேதான். துருப்பிடிக்கவே இல்லை, அதற்குள் செத்துப்போய்விட்டாள். வெள்ளிக்கிழமையிலிருந்து வராத அழுகை அங்கே வந்தது. ஸ்க்ரூவை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டேன். மற்றதைச் சாம்பலிலேயே வைத்தேன். கலயம் என் மடியில் வாய் மேல்நோக்கி இருந்ததால் அண்ணனுக்கு உள்ளே இருப்பது தெரியவில்லை.

எட்டே முக்கால் ஆனபோது அவன் கத்துவதை நிறுத்தினான். ஒன்பது ஆனபோது அவன் தோள் தொங்கிவிட்டது.

“நானும் பாக்கல” என்றான்.

நான் நிமிர்ந்தேன்.

“ஆத்தா மூஞ்சிய நானும் சரியாப் பாக்கல புள்ள. பந்தக்காரன், மாலைக்காரன், ஐஸ் பெட்டிக்காரன்னு ஆளாளுக்குக் கூப்புட்டாய்ங்க. ஐஸ் பெட்டிக் கண்ணாடி பூரா வேத்துப் போயிக் கெடந்துச்சு. தொடச்சுப் பாக்கணும்னு நெனச்சேன். அதுக்குள்ள சித்தப்பா நேரமாச்சு நேரமாச்சுன்னு… மூணாம் நாளும் கட்டித்தான் கையில குடுத்தாங்க.” மூக்கை உறிஞ்சினான். சேற்றுக் கையால் துடைத்ததில் முகமெல்லாம் சேறாகிவிட்டது. “என்ன பாத்து அழுத? கொஞ்சம் சாச்சு எனக்கும் காட்டு.”

ஐம்பது வயது ஆள், மொட்டைத் தலையும் சேற்று முகமுமாக, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான். காட்டியிருக்கலாம். கலயத்தை ஒரு சாண் சாய்த்தால் போதும். இதைப் படிப்பவர்கள் நான் காட்டியிருப்பேன் என்றுதான் நினைப்பீர்கள்.

மஞ்சள் துணியைத் திரும்பப் போட்டு முடிச்சைக் கட்டினேன்.

“நேரம் முடிஞ்சுருச்சுண்ணே” என்றேன்.

தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. இங்கே ஏற்றம் சத்தமில்லாமல் வரும். அண்ணனைச் சுற்றி மெல்லப் பரவி, வேட்டியை அங்குலம் அங்குலமாக நனைத்து, இடுப்புக்கு வந்தது. “தண்ணி வருது, தண்ணி வருது” என்று பயந்துபோனான். அந்த இடத்தில் எவ்வளவு ஏறினாலும் நெஞ்சுக்கு மேல் ஏறாது. அதையும் நான் சொல்லவில்லை. நான் எழுந்து நின்று, கலயத்தை அவிழ்த்து, முழங்கால் தண்ணீரில் கவிழ்த்தேன். வற்றும் தண்ணீரில் கரைத்தால் கடலுக்குப் போகும், ஏறும் தண்ணீரில் கரைத்தால் கரைக்குத்தான் வரும். இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சாம்பல் கடல் பக்கம் போகவில்லை. அண்ணனின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு, என் ஊர்க் கரையைப் பார்த்துப் போனது. எமகண்டம் பிறந்து பத்து நிமிடம்.

பிறகு அவனைப் படுக்கச் சொல்லி, மூடியை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, தோளைப் பிடித்து இழுத்தேன். தண்ணீர் வந்துவிட்டால் சேறு இளகிவிடும், லேசாக வரலாம். வந்தான். திரும்பும்போது நான் முன்னால் போனேன். அவன் என் கால் தடத்தில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து வந்தான். இரண்டு இடத்தில் பளபளப்பு வந்தது. இரண்டு இடத்திலும் “ஆழம்” என்றேன்.

மணல்மேட்டில் சித்தப்பா எழுந்து ஓடிவந்தார், மூட்டுவலியைக் காணோம். “நேரத்துக்குள்ள ஆச்சாப்பா?”

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் சேலைச் சேற்றைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

“ஆச்சு சித்தப்பா” என்றான்.

அவன் துபாய் போய்ச் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. முன்னெல்லாம் வருடத்துக்கு மூன்று தடவை பேசுவான், இப்போது வாரம் தவறாமல் கூப்பிடுகிறான். பிள்ளைகள் படிப்பு, அங்கே வெயில், இங்கே மழை என்று எங்கெங்கோ போவான். சேற்றைப் பற்றியோ எமகண்டத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்பதில்லை. கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து நிற்பான். நேற்றுக் காலையிலும் வந்து நின்றான்.

“அன்னைக்குக் கலயத்துக்குள்ள என்ன பாத்த புள்ள?”

போன் பேசும்போதெல்லாம் அந்த ஸ்க்ரூ என் கையில்தான் இருக்கும். மஞ்சள் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். தேய்த்துத் தேய்த்து இப்போது நன்றாக மின்னுகிறது.

“ஒண்ணுமில்லண்ணே. சாம்பல்தான்.”

“இல்ல, நீ என்னமோ கையில எடுத்த. அப்பறந்தான் அழுத. எனக்குத் தெரியும். சொல்லு. ரெண்டு நிமிசம் பேசு.”

வாசலில் நின்று கடலைப் பார்த்தேன். தண்ணீர் நிறைந்து கிடந்தது. வேலைக்குக் கிளம்ப இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

“நேரமாச்சுண்ணே, வைக்கிறேன்” என்றேன்.